வெயில் கற்பித்த பாடம்

சங்கக் கூட்டங்களிலும் திருமண வீடுகளிலும் நம்மைக் காணும் அன்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்பதுண்டு. "ஐயா, வாழ்நாளெல்லாம் குன்னூர்க் குளிரில் இருந்துவிட்டு, இந்த ஐதராபாத் வெயிலை எப்படித் தாங்குகிறீர்கள்?" என்பதே அக்கேள்வி. நாமும் புன்னகை செய்து, "பழகிவிட்டது" என்று சுருக்கமாக விடை கூறி அப்பால் செல்வோம்.

அந்த விடை முற்றும் உண்மையன்று. இவ்வூர் வெயில் நமக்குப் பழகவில்லை. அதனோடு வாழும் முறையைக் கற்றுக்கொண்டோம். கற்பதற்குச் சிறிது விலையும் கொடுத்தோம். அச்செய்தியை இதுவரை குடும்பத்தாரைத் தவிர வேறு எவரிடமும் சொன்னதில்லை. முதிய பெற்றோரை ஊரிலிருந்து இந்நகருக்கு அழைத்து வந்து உடன் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால், வெட்கத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு இங்கே எழுதத் துணிகிறோம்.

நீலகிரி மாவட்டத்தில், குன்னூரை அடுத்த ஒரு பள்ளியில் 34 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றினோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. சித்திரை மாதத்துக் காலை வகுப்புக்கும் கம்பளிச் சட்டை இல்லாமல் சென்றதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை மலை இரயில் 1899-ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. கோடை விடுமுறையில் அந்த இரயிலை விட்டு இறங்கும் சமவெளி மக்கள் நிலைய மேடையில் நின்று நெடுமூச்சு விட்டுக் குளிரை நுகர்வதைப் பல்லாண்டுகள் பார்த்திருக்கிறோம். அவர்கள் எதற்கு அஞ்சி ஓடி வருகிறார்கள் என்பதை ஒருநாளும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பின்னர், 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நாமும் நம் மனைவியாரும் செகந்தராபாத் பத்மராவ் நகரில் உள்ள மகன் இல்லத்துக்கு வந்து சேர்ந்தோம். ஐந்து மாடிக் கட்டடம், மேல்தளத்தில் வீடு. கந்தகிரிக் கோயில் அருகில் இருந்தமையால் மனைவியாருக்கு மகிழ்ச்சி. மார்கழி மாதமாதலால் இரவில் நல்ல குளிர். பெட்டியிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "இதுதானா நீங்கள் அஞ்சிய ஊர்?" என்று மகனைக் கேலி செய்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. "பங்குனி வரட்டும், அப்பா" என்று மட்டும் சொன்னான்.

ஆசிரியப் பழக்கம் எளிதில் விடுவதன்று. காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டோம். ஐதராபாத் தக்காண மேட்டுநிலத்தில் ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஆறரை டிகிரி அளவு கூடும் என்பது பாடநூல் வாய்பாடு. ஆகவே குன்னூரைவிட இங்கே எட்டு அல்லது ஒன்பது டிகிரி கூடுதலாக இருக்கலாம். அவ்வளவே என்று முடிவு செய்தோம். கடலிலிருந்து நெடுந்தொலைவு விலகிய நிலம், மரம் குறைந்து கற்காரை மிகுந்த நகர், பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவெல்லாம் வெளிவிடும் கருங்கற் பாறைகள் ஆகிய எவற்றையும் அக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை.

பங்குனி வந்தது. பள்ளி மாணவர்களைப் பார்த்துத்தான் முதலில் ஐயம் கொண்டோம். மார்ச்சு மாதத்தின் நடுப்பகுதியிலேயே இங்குள்ள பள்ளிகள் பிற்பகல் வகுப்புகளை நிறுத்திவிடுகின்றன. காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரை மணியளவில் முடித்துவிடுகிறார்கள். 'ஒண்டிபூட்ட படி' என்பது தெலுங்கில் அதற்குப் பெயர். ஒரு வேளைப் பள்ளி என்பது பொருள். ஏப்ரல் மாத இறுதியில் விடுமுறை தொடங்கி ஜூன் 12-ஆம் நாள் வாக்கில்தான் மீண்டும் பள்ளி திறக்கும். 34 ஆண்டுகள் மழைக்கும் நிலச்சரிவுக்கும் பள்ளியை மூடிப் பழகிய நமக்கு, வெயிலுக்கு அஞ்சி மணியடிக்கும் வழக்கம் புதுமையாகத் தோன்றியது. பிள்ளைகளுக்கு ஒரு சலுகை என்று எண்ணினோமேயன்றி, முதியோருக்கும் அது ஓர் அறிவிப்பு என்று எண்ணவில்லை.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்தப் பகுப்பை மாணவர்களுக்குப் பலமுறை கூறியிருக்கிறோம். இவ்வூரில் அது பொருந்தாது. சித்திரை, வைகாசியிலேயே வேனில் முதிர்ந்து உச்சத்தை அடைந்துவிடுகிறது. ஆனியில் தென்மேற்குப் பருவமழை வந்து மண்ணை நனைத்துவிடுகிறது. இவ்வூரார் வேறொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கதிரவன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் பதின்மூன்று, பதினான்கு நாட்களைக் 'கார்த்தெ' என்கிறார்கள். மே மாதத்தின் கடைசி வாரத்தில் வரும் ரோகிணிக் கார்த்தெயில் உரலும் வெடிக்கும் என்பது தெலுங்குப் பழமொழி. நம்மவர் கத்திரி வெயில் என்று அஞ்சுவதைப் போன்றதே இதுவும். ஜூன் 7 அல்லது 8-இல் மிருகசிரக் கார்த்தெ பிறக்கும். அன்று மீன் உண்பது இங்கே வழக்கம். வெப்பம் தணியத் தொடங்கும் நாள் அது.

இப்பகுதியில் தமிழர் வாழ்வது புதிதன்று. நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-ஆம் ஆண்டு செகந்தராபாத் படைவீட்டு நகரம் தோன்றிய பின்னர், படையோடும் வாணிகத்தோடும், பிற்காலத்தில் இரயில்வேயோடும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து குடியேறின. சோமசுந்தர முதலியார் 1862-இல் தொடங்கிய பள்ளியே பின்னாளில் மகபூப் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1893-இல் விவேகானந்தர் அங்கே சொற்பொழிவு ஆற்றினார். அக்காலத் தமிழர் வீடுகளில் எஞ்சியிருப்பவை சிலவற்றை மாரேட்பள்ளிப் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், தடித்த சுவர், முற்றத்தில் ஒரு வேப்பமரம். அவர்கள் வெயிலை அறிந்து வீடு கட்டினார்கள். நாமோ, கூரை முழுவதும் வெயிலில் காயும் ஐந்தாம் மாடியில் குடியிருந்துகொண்டு, குன்னூர் வழக்கப்படி நண்பகலில் சன்னல்களையெல்லாம் விரியத் திறந்து வைத்தோம், காற்று வரட்டும் என்று. அனற்காற்றே வந்தது.

ஆயினும் முதற்கோடை பெருந்தீங்கின்றிக் கழிந்தது. அதற்கு ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். முன்பு சென்னையில் உறவினர் வீட்டில் கோடையில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். சட்டை நனைந்து உடலோடு ஒட்டிக்கொண்டு, நாளுக்கு மூன்று முறை குளித்தும் தீராத துன்பம் அது. இங்கே அப்படியில்லை. எவ்வளவு நடந்தாலும் சட்டை உலர்ந்தே இருந்தது. "நமக்கு வியர்ப்பதே இல்லை, இவ்வூர் வெயில் சென்னை வெயிலைவிட எளியது" என்று மனைவியாரிடம் பெருமையாகக் கூறினோம். வியர்க்காதபோது தண்ணீர் எதற்கு என்று காலையில் ஒரு குவளை, உணவின்போது ஒரு குவளை என்று நிறுத்திக்கொண்டோம். தாகமும் பெரிதாகத் தோன்றவில்லை.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், கையெழுத்து ஒன்று பெறவேண்டி ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு. முற்பகல் பதினொன்றரை மணிக்கு நடந்தே போனோம். உரியவர் இல்லை, நாளை வருமாறு கூறினார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகே அந்த விடை கிடைத்தது. ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் எதற்கு என்று திரும்பவும் நடக்கத் தொடங்கினோம். கையில் குடை இல்லை. குன்னூரில் குடை மழைக்கு மட்டுமே உரியது.

பாதி வழியில் கெண்டைக்காலில் தசை இழுத்துப் பிடித்தது. சற்று நின்றோம். எதிரே வந்த வண்டிகளின் ஓசை எங்கோ தொலைவில் கேட்பது போல் இருந்தது. தெருவின் வெண்மை கண்ணைக் கூசச் செய்தது. வீடு வலப்பக்கமா இடப்பக்கமா என்பது மறந்துவிட்டது. நாள்தோறும் நடக்கும் தெருவில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமற்போன அந்தக் கணத்தை இன்று நினைத்தாலும் உள்ளம் நடுங்குகிறது.

சாலையோர வேப்பமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மையார் நம்மைப் பார்த்துவிட்டார். "கூசோ தாத்தா, கூசோ" என்று கையைப் பிடித்துத் தம் கோணிமேல் உட்கார வைத்தார். உட்காரச் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்து நம் பிடரியிலும் தலையிலும் இட்டார். முடிச்சிலிருந்து உப்பை எடுத்து ஒரு சொம்பு நீரில் போட்டு, ஒரே மூச்சில் குடிக்கவிடாமல், சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். நுங்குப் பெட்டியின் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். இவ்வளவும் செய்யும்போது வந்து நின்ற இரண்டு பேருக்கு நுங்கும் கொடுத்து, காசும் எண்ணி வாங்கிக்கொண்டார். அரைமணி நேரத்துக்குப் பின் நமக்குத் தெளிவு வந்தது. அவரே ஓர் ஆட்டோவை நிறுத்தினார். ஓட்டி வந்த இளைஞர் நம்மைச் 'சாச்சா' என்று அழைத்து, வாடகையை வாங்கிக்கொண்டு, மின்தூக்கி வரை கைபிடித்து அழைத்து வந்துவிட்டார்.

வீட்டில் நாம் ஒன்றும் சொல்லவில்லை. "அலைச்சல்" என்று கூறிப் படுத்துக்கொண்டோம். நாம் களைந்த நீலச் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவியார் அதைக் கையில் விரித்தபடியே வந்து நின்றார். முதுகிலும் அக்குளிலும் வெண்மையாக வரி வரியாகக் கோடுகள். "உங்களுக்கு வியர்ப்பதில்லை என்றீர்களே, இது என்ன?" என்று கேட்டார். உப்பு.

தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றி எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருப்போம்! நீர் ஆவியாகிச் சென்றுவிடும், உப்பு தங்கிவிடும் என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டியிருப்போம். அந்தப் பாடம் நம் முதுகிலேயே எழுதப்பட்டிருந்தும் நமக்குப் படிக்கத் தெரியவில்லை. ஈரப்பதம் மிகுந்த சென்னையில் வியர்வை உலர வழியின்றி உடலில் தங்குகிறது. ஆதலால் கண்ணுக்குத் தெரிகிறது. வறண்ட காற்று வீசும் இவ்வூர்க் கோடையில் வியர்வை தோன்றும் கணத்திலேயே ஆவியாகிவிடுகிறது; ஆதலால் தெரிவதில்லை. வியர்வை வரவில்லை என்று நாம் நினைத்த ஒவ்வொரு நாளும் உடல் நீரையும் உப்பையும் இழந்துகொண்டே இருந்திருக்கிறது. கொதிநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வேண்டும் என்று நாம் கற்பித்தோம். தோலின் வெப்பநிலையில் அது ஏறத்தாழ 580 கலோரி. அவ்வளவு வெப்பத்தையும் உடலிலிருந்து சுமந்துகொண்டு வியர்வை வெளியேறுவதால்தான் நாம் உயிரோடிருக்கிறோம். நீர் குறைந்தால் அந்தச் சுமைகாரன் நின்றுவிடுவான். முதுமையில் தாகத்தை உணரும் ஆற்றல் குறைந்துவிடும் என்பதையும் அதன்பிறகே மருத்துவர் வாயிலாக அறிந்தோம். தாகம் எடுக்கவில்லை என்பது தண்ணீர் தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது.

பேகம்பேட்டையில் பழைய விமான நிலையத்தை அடுத்து, ரொனால்டு ராஸ் ஆய்வு நடத்திய கட்டடம் நிற்கிறது. கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை அவர் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் கண்டது இந்தச் செகந்தராபாத்தில்தான். அந்நாட்களில் தம் நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன என்றும், அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் பங்கா விசிறியையும் நிறுத்தி வைத்தார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆகஸ்டு மழைக்காலம், காற்றில் ஈரம் மிகுதி, எனவே வியர்வை வழிந்தது. அவரே மே மாதத்தில் அமர்ந்திருந்தால் திருகாணிகள் தப்பியிருக்கலாம். உடல் இழந்த நீர் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்திராது. ஒரே ஊரில் இரண்டு வகை வெப்பம் உண்டு. தெரியாமல் இழக்கச் செய்வதே கொடிது.

அன்றிரவு மனைவியார் மகனிடம் எல்லாவற்றையும் கூறிவிட்டார். அவன் சினம் கொள்வான் என்று எதிர்பார்த்தோம். அவன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன் அப்பா சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டான். நம்மிடம் விடை இல்லை. உண்மையான விடை இதுதான்: அவன் கடன் வாங்கிக் கட்டிய வீடு இது, அதில் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வேலைக்குச் செல்லும் மகனுக்கும் மருமகளுக்கும் நம்மால் ஒரு கவலை கூடாது என்றும் எண்ணினோம்.

அப்போது மனைவியாரும் ஒன்று கூறினார். இரண்டு கோடைகளாக, நண்பகலில் அடுக்களைத் தரையில் நீரைத் தெளித்து, ஈரத் துணியை விரித்து அதன்மேல் படுத்துத்தான் பகலைக் கழித்து வந்தாராம். கூரையிலிருந்து இறங்கும் வெப்பத்தால் கட்டிலில் படுக்க முடியவில்லையாம். அவர் தரையில் படுத்திருப்பதை நாம் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறோம். காரணம் கேட்டதில்லை. நாம் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. நாம் மகனிடம் சொல்லவில்லை. அவன் நம்மிடம் கேட்கவில்லை. ஒரே வீட்டில் நான்கு பேர் ஒருவரை ஒருவர் நேசித்துக்கொண்டே, ஒருவர் துன்பத்தை மற்றவர் அறியாமல் இரண்டு கோடைகளைக் கழித்துவிட்டோம். சட்டையில் பூத்த உப்பு அதையும் வெளிப்படுத்திவிட்டது.

அதன்பின் வீட்டின் ஒழுங்கு மாறியது. காலை ஒன்பது மணிக்குச் சன்னல்களை மூடித் திரையிடுவோம். மாலை ஆறு மணிக்குப் பின் திறப்போம். கடைக்கும் கோயிலுக்கும் காலை எட்டு மணிக்குள் போய்வருவோம். இவ்வூரார் 'ரஞ்சன்' என்று கூறும் மண்பானை ஒன்று வாங்கினோம். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் வறண்ட காற்றில் விரைந்து ஆவியாவதால், சென்னையில் இருப்பதைவிட இங்கே பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்கிறது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் ஊறிக் காற்றைக் குளிர்விக்கும் கூலரும் இதே காரணத்தால் இங்கே பயன்படுகிறது. ஆனால் அதை வைத்த அறையின் சன்னல் ஒன்று திறந்திருக்கவேண்டும். மூடிவிட்டால் ஈரம் அறையிலேயே தங்கிப் புழுக்கமாகிவிடும். மழை தொடங்கியபின் கூலரால் பயனில்லை. உப்பிட்ட நீர்மோரும், இவ்வூரார் அம்பலி என்று வழங்கும் கேழ்வரகுக் கூழும் உணவில் சேர்ந்தன. தாகத்தை எதிர்பாராமல் மணி பார்த்துத் தண்ணீர் குடிக்கிறோம். பாடவேளை மணிக்குப் பழகிய உடலுக்கு அது கடினமாக இல்லை.

மகன் ஒரு ஏ.சி. இயந்திரமும் வாங்கி வைத்தான். அதனால் ஒரு புதிய செய்தி தெரியவந்தது. மொட்டைமாடியில், தகரக் கூரை வேய்ந்த ஓர் அறையில், எங்கள் கட்டடத்தின் காவற்காரர் தம் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் வசிக்கிறார். பாலமூர்ப் பக்கத்திலிருந்து, மகபூப் நகர் என்று இன்று வழங்கும் மாவட்டத்திலிருந்து, பிழைப்புத் தேடி வந்தவர். நம்மைப் போலக் குடிபெயர்ந்தவரே. ஒருநாள் குழந்தைகளுக்கு மோர் கொடுக்க மேலே சென்ற மனைவியார், நம் ஏ.சி.யின் வெளிப்பெட்டி அவர்கள் வாயிலை நோக்கி அனல் வீசிக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். நம் அறையிலிருந்து வெளியேற்றிய வெப்பத்தை அவர்கள் அறைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தோம். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. நாம் மகனிடம் சொல்லாததற்கு அன்பு காரணம்; அவர்கள் நம்மிடம் சொல்லாததற்கு அச்சம் காரணம்.

பெட்டியை மறுபக்கத்துக்கு மாற்றச் சிறிது செலவாயிற்று. 2024-ஆம் ஆண்டு கோடைக்கு முன், கட்டடத்தார் எல்லோரிடமும் பேசி மொட்டைமாடித் தளத்துக்கும் தகரக் கூரைக்கும் வெள்ளை பூசச் செய்தோம். இது நம் கண்டுபிடிப்பன்று. வெண்மையான பரப்பு கதிரவன் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் என்ற எளிய உண்மையைக் கொண்டு, தெலங்கானா அரசு 2023-ஆம் ஆண்டிலேயே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பூசிய பின் நம் வீட்டுப் படுக்கையறையில் வேறுபாடு தெரிந்தது. மேலேயுள்ள அறையில் இன்னும் வெப்பம் இருக்கிறது. ஆனால் நண்பகலில் குழந்தைகள் உள்ளே உட்கார முடிகிறது. அவ்வளவுதான் செய்ய முடிந்தது. தகரத்தை மாற்றிக் கூரை கட்டித் தரும் பேச்சு மூன்று கூட்டங்களாக முடிவின்றி நடந்து வருகிறது.

வெயிலால் மாண்டவர்கள் என்று செய்தி வரும்போது, வயலிலும் சாலையிலும் உழைப்பவரைப் பற்றியே நாம் எண்ணுகிறோம். அது நியாயமே. 2015-ஆம் ஆண்டுக் கோடையில் இந்தியாவில் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆந்திரப் பிரதேசத்தையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். எனினும் வெப்பம் வீட்டுக்குள்ளும் வரும். அகமதாபாத் நகர் 2013-ஆம் ஆண்டு இந்தியாவிலேயே முதன்முதலாக வெப்பக் காப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. எச்சரிக்கையை முன்கூட்டியே மக்களிடம் சேர்ப்பது அதன் முதற்பணிகளுள் ஒன்று. வீடுகளிலும் அதையே செய்யவேண்டும் என்பது நம் எண்ணம்.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சில சொற்கள். பெற்றோரைக் கோடையில் முதன்முதலாக இங்கே அழைத்து வராதீர்கள். மழைக்காலத்திலோ குளிர்காலத்திலோ வந்தால் உடல் மெல்லப் பழகும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்போர் கோடைக்கு முன் மருத்துவரைக் கண்டு, எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று கேட்டறிவது நன்று. எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. காற்றே உடலைவிடச் சூடாக இருக்கும் பிற்பகலில் மின்விசிறியை மட்டும் நம்பக்கூடாது. மேனியில் ஈரத் துணியும் வேண்டும். முதியவர் பேச்சுத் தடுமாறினாலோ, மேனி கொதித்தாலோ, இருக்குமிடம் மறந்தாலோ, அயர்வு என்று படுக்க வைத்துவிடாமல் உடலை நனைத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அச்சேவை 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதே இந்த ஐதராபாத்தில்தான். அன்று நாம் அலைச்சல் என்று கூறிப் படுத்தது பெரும்பிழை.

நுங்கு விற்ற அம்மையாரை அடுத்த வாரம் மனைவியாருடன் சென்று கண்டோம். நன்றி கூறினோம். அவருக்கு நம்மை நினைவில்லை. "கோடையில் எத்தனையோ பேர் இங்கே உட்காருகிறார்கள்" என்று தெலுங்கில் கூறிவிட்டு, எத்தனை நுங்கு வேண்டும் என்று கேட்டார். அவர் பள்ளியில் படித்ததில்லையாம். ஆவியாதலைப் பற்றி 34 ஆண்டுகள் கற்பித்த நமக்கு அதை விளங்க வைத்தவர் அவர்தான்.

நம்மவர் தண்ணீர்ப்பந்தல் என்பதை இவ்வூரார் சலிவேந்திரம் என்கிறார்கள். இரண்டும் ஒரே அறம். இப்போது பங்குனி முதல் மிருகசிரக் கார்த்தெ வரை எங்கள் கட்டட வாயிலில் இரண்டு ரஞ்சன் பானைகள் இருக்கின்றன. காலையில் நீர் நிரப்புவது நம் வேலை. மாலையில் கழுவிக் கவிழ்ப்பது காவற்காரர் மகன் வேலை. தெருப் பெருக்குவோரும், பொருள் கொண்டு தரும் இளைஞர்களும், வழிப்போக்கரும் வந்து குடித்துச் செல்கிறார்கள்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் தாய் தந்தையரிடம், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "பகல் இரண்டு மணிக்கு இந்த வீட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் உடனே விடை சொல்லமாட்டார்கள். "எல்லாம் பழகிவிட்டது" என்பார்கள். அந்த விடையை ஏற்றுக்கொள்ளாமல், ஒரு விடுமுறை நாளில் அதே நேரத்தில் அதே இடத்தில் அவர்களோடு சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள்.